ஓட்டுகிறவள் போட்ட திட்டம்

“அண்ணி, முழுசா ஏழு நாள் இருக்கு. அயர்லாந்தையே ஒரு சுத்து சுத்திடலாம்!”

லிமெரிக் நகரத்திலிருந்து நாத்தனார் போனில் இப்படிச் சொன்னதுதான் தாமதம், என் கணவர் சாப்பாட்டு மேஜை மேல் மேப்பை விரித்து விட்டார். நாத்தனார் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மூன்று வருஷமாக வா, வா என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். 2025 மே மாதம், எங்கள் பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் போவதென்று முடிவாயிற்று. டிக்கெட், விசா எல்லாம் ஒரு வழியாக முடிந்த பிறகுதான் இந்த ஏழு நாள் கார் பிரயாணப் பேச்சு.

அண்ணனும் தங்கையும் போனிலேயே திட்டம் போட்டார்கள். டப்ளின்; அங்கிருந்து வடக்கே ‘ராட்சதன் பாலம்’ என்கிற கற்தூண் கடற்கரை; அப்புறம் டோனிகால், கால்வே, மோஹர் மலைச் சரிவு, கெர்ரி வளையம், கார்க், திரும்ப லிமெரிக். ராத்திரிக்கு ஒரு ஊர். கேட்கவே ஜோராகத்தான் இருந்தது.

“எல்லாம் சரி. காரை யார் ஓட்டறது?” என்று கேட்டேன்.

அப்போதுதான் இருவரும் வாயை மூடினார்கள். என் கணவருக்குப் பிப்ரவரியில் இடது கண் விழித்திரையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாத்தனாருக்கும் அவள் கணவருக்கும் லீவு கிடையாது. மீதி இருப்பது நானும், ஏழு வயதுப் பாப்பாவும்!

என்னிடம் லைசென்ஸ் இருந்தது, இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன், வீட்டுக் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் மோதி விட்டேன். தூணுக்கும் காயம், காருக்கும் காயம். “விடு, இனிமே நானே ஓட்டறேன்” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு விட்டதுதான். அதற்கப்புறம் நான் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்ததே இல்லை. எங்கள் கேட்டுத் தூணில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினம் கோலம் போடும்போது கண்ணில் படும்.

“ஏங்கண்ணு, நீ ஓட்டினா என்ன?” என்றார் என் மாமியார். “நானெல்லாம் ரெட்டை மாட்டு வண்டி பூட்டி ஒத்தையிலே சந்தைக்குப் போனவ. கார் என்ன, அது மிரளக் கூடச் செய்யாது!”

இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அந்தத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிலோமீட்டரைக் கூட்டினேன். ஆயிரத்து நானூறுக்குக் குறையவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சமைக்காதவர்கள் உட்கார்ந்து விருந்துக்கு மெனு போட்டால் எப்படி இருக்கும்? “வடை, போளி, இடியாப்பம், கூடவே ஒரு குருமா...” என்று வாய் வார்த்தையாகப் போய்க்கொண்டே இருக்கும் இல்லையா, அது மாதிரிதான் இருந்தது. ஓட்டப் போகிறவள் நான். அப்படியானால் திட்டமும் நான்தான் போட வேண்டும் என்று பென்சிலைக் கையில் எடுத்தேன்.

முதலில் அடித்தது ராட்சதன் பாலம். அது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில் இருக்கிறது. தெற்கே உள்ள அயர்லாந்து தனி தேசம். ரோட்டில் எல்லைக் கோடு கூடத் தெரியாதாம். ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பக்கம் போக பிரிட்டன் விசாவோ, இரண்டுக்கும் சேர்த்து முத்திரை குத்திய விசாவோ வேண்டும். எங்கள் விசாவில் அது இல்லை. (ஐரோப்பாவுக்கு வாங்கும் ஷெங்கன் விசாவும் அயர்லாந்துக்குச் செல்லாது. அதை நம்பி யாரும் டிக்கெட் எடுத்து விடாதீர்கள்.)

அப்புறம் ரோடுகளைப் பற்றிப் படித்தேன். அங்கே ரோட்டுக்கு ஒரு எழுத்தும் நம்பரும் உண்டு. ‘எம்’ என்றால் அகலமான மோட்டார் சாலை. ‘என்’ தேசியச் சாலை, ‘ஆர்’ வட்டாரச் சாலை. ‘எல்’ என்றால் கிராமத்துச் சந்து என்று வைத்துக் கொள்ளுங்கள். அதிலே பலவும் ஒரே ஒரு கார் போகிற அகலம்தான். சிலவற்றில் நடு ரோட்டிலே புல் முளைத்திருக்கும். இந்தக் கிராமத்து ரோடுகளில் முன்பெல்லாம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்று சட்டம் இருந்தது. 2025 பிப்ரவரி 7-ஆம் தேதியிலிருந்து அதை 60 ஆகக் குறைத்து விட்டார்கள். அந்த 60 கூட, போகலாம் என்கிற உச்ச அளவுதான். போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஆகவே மேப்பில் தூரத்தைப் பார்ப்பதை விட்டு விட்டு, நேரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். சின்ன ரோடுகளில் மணிக்கு 40 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிப்பதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. ராத்திரிக்கு ஒரு ஊர் என்பதும் கிடையாது. பெட்டியைக் கட்டி அவிழ்ப்பது யார் வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

கணக்கு முடிந்தபோது நாட்டில் இரண்டே மூலைகள் மிஞ்சின. மேற்கே கிளேர் மாவட்டம், அதற்குத் தெற்கே டிங்கிள் தீபகற்பம். அவ்வளவுதான். நாத்தனார், “ஐயே, டப்ளின் கூட இல்லையா அண்ணி?” என்று குறைப்பட்டாள். டப்ளினை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. பாய்ல் என்ற சிற்றூரை விட்டதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ராஸ்காமன் மாவட்டத்தில் இருக்கிற ஊர். மார்கரெட் கஸின்ஸ் 1878-ல் பிறந்தது அங்கேதான். அயர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஜெயிலுக்குப் போனவர். 1915-ல் இந்தியாவுக்கு வந்து, 1917-ல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். நம் ‘ஜன கண மன’ மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் பிறந்த மண்ணை ஒரு தடவை மிதித்துவிட்டு வரலாம் என்று ஆசை. ஆனால் அது நாங்கள் போகிற வழிக்கு நேர் எதிர்த் திசை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடித்து விட்டேன்.

சரி, திட்டம் ஆயிற்று. ஓட்ட வேண்டாமா? ஏப்ரல் மாதம் முழுக்க விடியற்காலை ஐந்தரைக்கு, எங்கள் ஏரியா ஸ்கூல் மைதானத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் ஓட்டுவது ஐந்தாறு நாளில் வந்து விட்டது. நான் திரும்பத் திரும்பப் பழகியது ரிவர்ஸ்தான். நாலு செங்கல்லை நட்டு வைத்து, அதற்கு நடுவில் பின்னால், பின்னால், பின்னால்... வாக்கிங் வருகிற பெரியவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் சலித்துப் போய் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், இதை எல்லாப் பெண்களும் கவனிக்க வேண்டும். வாடகைக் கார் எடுக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கினேன். ஒரு வருஷம் செல்லும். அது சுலபமாகக் கிடைத்து விட்டது. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? கார் ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்றார்கள். என் பேரில் வீட்டில் காஸ் இணைப்பு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. கிரெடிட் கார்டு மட்டும் இல்லை! கவுண்டரில் போய் நின்றுகொண்டு, “இது என் வீட்டுக்காரர் கார்டு” என்றால் சாவியைத் தர மாட்டார்கள். பாங்கில் எழுதிக் கொடுத்து, என் பெயர் போட்ட கார்டு கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதை நான் பர்ஸில் வைத்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காரில் எதையாவது இடித்துவிட்டால் முதலில் ஒரு தொகை நம் தலையில்தான் விழும். அதற்கு மேல்தான் இன்ஷூரன்ஸ். அந்தத் தொகையை நம் கார்டில் நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். கூடுதலாகக் கட்டினால் அது குறையும். முன்பே படித்து, கணக்குப் பார்த்து வைத்துக் கொள்வது நல்லது. கவுண்டரில் நிற்கும்போது யோசிக்க முடியாது.

ஷானன் விமான நிலையத்தில் காரை எடுத்தோம். டப்ளினில் இறங்கியவுடன் புது ஆள் கார் ஓட்டுவதைவிட இங்கே எடுப்பது எவ்வளவோ மேல். வெளியே வந்தால் ரோடு விசாலம், கூட்டம் குறைவு. (டப்ளினில் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊரைச் சுற்றுகிற எம்-50 ரோட்டில் சுங்கச் சாவடியே கிடையாது. காமிரா நம்பரைக் குறித்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நாமாகக் கட்ட வேண்டும்.)

“மேடம், பெரிய கார் ஒண்ணு இருக்கு, அதே வாடகைக்குத் தர்றோம்” என்று கவுண்டரில் ஆசை காட்டினார்கள். என் கணவர் முகம் மலர்ந்தது. நான், “வேண்டாம், இருக்கறதிலேயே சின்னதைக் கொடுங்க” என்றேன். அந்த ரோடுகளுக்குச் சின்னக் கார்தான் தோது. பாப்பாவுக்கு ஆசனம் ஒன்று கேட்டு வாங்கினோம். 150 சென்டிமீட்டர் உயரமோ 36 கிலோ எடையோ எட்டாத பிள்ளைகளுக்கு அந்த ஆசனம் அங்கே கட்டாயம். பிறகு காரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஏற்கனவே இருக்கிற கீறலுக்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும்?

ஸ்டீயரிங் வலது பக்கம், கியர் இடது கையில், போவது ரோட்டின் இடது ஓரம். எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். இதிலே அமெரிக்கக்காரர்களைவிட நமக்குப் பாதி பயம் குறைவு. ரவுண்டானா மட்டும் நம் ஊர் மாதிரி இல்லை. நம் ஊரில் யார் முதலில் மூக்கை நுழைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வழி. அங்கே வலப் பக்கமிருந்து வருகிறவருக்கு நின்று வழி விட வேண்டும். முதல் ரவுண்டானாவில் நான் நின்ற நேரத்தில் ஒரு டம்ளர் காபி குடித்திருக்கலாம். பின்னால் ஆறு கார்கள். ஒருவர் கூட ஹாரன் அடிக்கவில்லை!

முதல் நாள் இருபத்தைந்து கிலோமீட்டர்தான், எனிஸ் வரைக்கும். அந்த மோட்டார் சாலை ஓரத்தில் ஒரு முள் புதர் இருக்கிறது. ரோடு போட அதை வெட்டுவதாக இருந்தார்களாம். அது தேவதைகள் கூடுகிற மரம், வெட்டினால் ரோட்டில் போகிறவர்களுக்கு ஆகாது என்று 1999-ல் அந்தப் பக்கத்துக் கதைசொல்லி ஒருவர் குரல் கொடுக்க, பத்திரிகைகளிலெல்லாம் வந்து, கடைசியில் புதரை வெட்டாமல் ரோடு போட்டார்கள். மஞ்சள் துணி சுற்றிய வேப்ப மரத்துக்காக நம் ஊர் ரோடு வளைந்து போகிறதே, அதேதான்! நாங்கள் போன சமயம் அந்த ஜாதி மரங்கள் வேலி தோறும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தன.

மறுநாள் பரன். அயரிஷ் மொழியில் கல் நிலம் என்று அர்த்தமாம். மலை முழுக்கச் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. யாரோ தளம் போட்டு, தளத்தில் பாளம் பாளமாக வெடிப்பு விட்ட மாதிரி இருக்கிறது. இங்கே என்ன இருக்கப் போகிறது என்று தோன்றும். காரை நிறுத்தி இறங்கி அந்த வெடிப்புகளுக்குள் குனிந்து பாருங்கள். பனிப் பிரதேசத்துச் செடியும், தெற்கே வெயில் நாட்டுச் செடியும் ஒரே பொந்தில் குடித்தனம் நடத்துகின்றன! நீலத்திலேயே இப்படி ஒரு நீலம் உண்டா என்கிற மாதிரி ஜென்ஷியன் என்ற குட்டிப் பூ. மே மாதம்தான் அதன் காலம். முதலில் கண்டுபிடித்தது பாப்பா. பறிக்கக் கூடாது என்று சொன்னதும், பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, “உன் பேர் என்ன?” என்று கேட்டுக் கொண்டிருந்தாள். பெரிய திட்டப்படி போயிருந்தால் இந்த இடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருப்போம்.

ஊரெல்லாம் கோடையில்தான் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள். பரனில் குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். கோடையில் வாங்கிய சூட்டைப் பாறை மெல்ல மெல்ல விடுமாம். மாடுகள் பனிக்காலத்தில் புல்லை மேய்ந்துவிடுவதால்தான் வசந்தத்தில் இந்தப் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அங்கேயே பூல்னப்ரோன் என்ற இடத்தில் ஐயாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல்லறை ஒன்று. இரண்டு மூன்று கல் நிற்க, மேலே ஒரு பலகைக் கல். நம் மலைப் பக்கங்களில் பாண்டவர் வீடு என்பார்களே, அதன் சாயல்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. டூலினுக்குப் போகிற வழியில், குறுக்கு வழி என்று போன் காட்டியதை நம்பி, ஒரு ‘எல்’ ரோட்டில் திரும்பி விட்டேன். இடது பக்கம் முள் வேலி. வலது பக்கம் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை குருவிகள் கூடு கட்டும் காலம் என்பதால் வேலியை வெட்டச் சட்டம் இடம் தராது. ஆகவே முள் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வளைவு திரும்பினால் எதிரே பால் டேங்கர் லாரி!

இரண்டு வண்டியும் நின்றன. அங்கத்து முறை என்னவென்றால், ஒதுங்க இடம் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர் பின்னால் போக வேண்டும். நாங்கள் ஒரு பண்ணை கேட்டைத் தாண்டி வந்து ஐம்பது மீட்டர்தான் ஆகியிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வளைவு. எனக்குக் கை வியர்த்து விட்டது. கண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கேட்டுத் தூண்தான் வந்து நின்றது.

என் கணவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, “லெஃப்ட்ல ஒடி... இல்லை, ரைட்... போதும், போதும்... ஒடி!” என்று ஆரம்பித்தார்.

“ஏனுங்க, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றேன்.

என் வாழ்நாளில் காரில் உட்கார்ந்து அவரிடம் நான் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பேசவில்லை. பாப்பா கூட மூச்சு விடவில்லை. எதிரே லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, கதவில் கையை ஊன்றிக்கொண்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் கொடுத்தது அந்த மனுஷர் எஞ்சினை அணைத்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஸ்கூல் மைதானத்துச் செங்கற்களை நினைத்துக்கொண்டு, இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, நடக்கிற வேகத்தில் பின்னால் வந்தேன். முள் கண்ணாடியில் கிரீச்சென்று உரசியது. நிறுத்தவில்லை. வளைவு திரும்பியது. பண்ணை கேட்டுக்குள் பின் சக்கரம் ஏறியது.

லாரி எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் உயர்த்தினார். அந்த நாட்டுக் கிராமங்களில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் செய்கிற வணக்கம் அது. நானும் விரலைத் தூக்கினேன். பிறகு கேட்டுக்குள் காரை நிறுத்திவிட்டு, ஃப்ளாஸ்கில் இருந்த டீயை மூன்று பேரும் குடித்தோம். “அந்தத் தூணுக்குச் சுண்ணாம்பு அடிச்சுடலாம்” என்றார் அவர்.

மோஹர் சரிவுகளைப் பற்றி எல்லோரும் எழுதியாகி விட்டது. 214 மீட்டர் உயரத்தில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கிற பாறை. காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். அப்புறம் டூரிஸ்ட் பஸ் கூட்டம். குழந்தை கையை விடவே கூடாது, காற்று அப்படி. குடை எடுத்துப் போவது வீண். தலையோடு மூடுகிற மழைக் கோட்டுதான் உதவும். எனக்குப் புடவையை மடித்து வைத்துவிட்டு சல்வாரும், கயிறு கட்டிய ஷூவும்தான் ஏழு நாளும்.

பாப்பாவுக்குக் கார் ஆகாது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். திருகாணி மலை என்று ஒரு கொண்டை ஊசி ரோடு இருக்கிறது, பாலிவானுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அதன் பிறகு வெறும் வயிறாகவும் இல்லாமல், வயிறு முட்டவும் இல்லாமல், காய்ந்த ரொட்டித் துண்டு கொடுத்து, புத்தகம், போன் எதுவும் கையில் தராமல், தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னதில் சமாளித்து விட்டோம். முக்கால் மணிக்கு ஒரு தடவை இறங்கிக் காற்று வாங்குவோம். குழந்தைக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள், தூக்கம் தள்ளும்.

விதிவிலக்கு நாள் என்று சொன்னேனே, அது கிளேரிலிருந்து டிங்கிள் போன நாள். கில்லைமர் என்ற இடத்தில் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிஷத்தில் ஷானன் நதியைத் தாண்டி அக்கரையில் டார்பர்ட். இல்லாவிட்டால் லிமெரிக் போய் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். அந்த முகத்துவாரத்தில் டால்பின்கள் குடியிருக்கின்றன. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷமும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

டிங்கிளில் மூன்று ராத்திரி. அந்தப் பக்கம் அயரிஷ் மொழி பேசுகிற பிரதேசம், போர்டுகளெல்லாம் அயரிஷில்தான். ஊர்ப் பெயர்களை முன்பே இரண்டு விதமாகவும் எழுதி வைத்துக்கொண்டது கை கொடுத்தது. வீடுகளுக்கு நம்பர் கிடையாது. ஆனால் 2015 முதல் ஒவ்வொரு விலாசத்துக்கும் ஏழு எழுத்தில் தனிக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதைப் போனில் போட்டால் நேராக வாசலில் கொண்டு போய் விடும். பெண்களுக்கு ஒரு ரகசியம்: பொதுக் கழிப்பறைக் கதவில் எம், என், ஏ என்று எழுதியிருந்தால், ‘மேன்’ என்பதை மாற்றி எழுதி விட்டார்கள் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். அதுதான் நம்முடையது! எஃப், ஐ, ஆர் என்று இருந்தால் ஆண்களுக்கு. நான் கற்றுக்கொண்ட விதத்தை இங்கே எழுத மாட்டேன்.

ஸ்லே ஹெட் சுற்று நாற்பத்தேழு கிலோமீட்டர்தான். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை நாலரைக்குத் திரும்பினோம். கடிகாரம் சுற்றுகிற திசையில் போக வேண்டும். பஸ்களும் அப்படித்தான் போகும், எதிரே வந்து முட்டாது. ஒரு இடத்தில் ஓடையே ரோட்டுக்கு மேல் ஓடுகிறது. கடலில் பிளாஸ்கெட் தீவு தெரிந்தது. வாழ வழியில்லை என்று 1953-ல் கடைசிக் குடும்பங்களையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்து விட்டது. அந்தத் தீவுக்கு மருமகளாகப் போன பெய்க் ஸேயர்ஸ் என்ற அம்மாள் தன் கதையைச் சொல்லச் சொல்ல, மகன் எழுதிக்கொண்டாராம். 1936-ல் புத்தகமாக வந்து, பல வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே இருந்திருக்கிறது. அவர் புதைக்கப்பட்ட டன்கின் ஊரில் கொஞ்ச நேரம் நின்றோம். அங்கே படகுத் துறைக்குக் கீழே இறங்குகிற பாதை நடக்கத்தான். அதில் காரை இறக்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மறுநாள் கானர் கணவாய். டிங்கிள் பக்கத்திலிருந்து உச்சி வரை ரோடு பரவாயில்லை. அதற்கு அப்பால் பாறையைக் குடைந்த ஒற்றையடி மாதிரி. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியே இல்லை. உச்சியில் நிறுத்தி, இரண்டு பக்கத்துக் கடலையும் பார்த்தோம். “நேத்து லாரிக்கே வழி விட்டியே, இறங்கிடலாமே?” என்றார் அவர். அந்த ரோட்டை ஒரு நிமிஷம் பார்த்தேன். “வேண்டாம்” என்று சொல்லி, அங்கேயே வண்டியைத் திருப்பினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். தங்குகிற வீடுகளில் காலைச் சாப்பாடு பலமாக இருக்கும். ஆனால் தட்டில் பன்றி இறைச்சியும், ரத்தம் சேர்த்த கறுப்புப் புட்டிங்கும் வரும். சைவம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஓட்ஸ் கஞ்சி, காளான், ரொட்டி, பழம் கொடுப்பார்கள். காய்கறி சூப்பிலும் கோழிச் சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு போனோம். மாமியார் ஆசையாகக் கட்டிக் கொடுத்த நெய்யை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இறைச்சியும் பால் பொருளும் வெளியிலிருந்து கொண்டுவர அங்கே அனுமதியில்லை. அதனால் என்ன, வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். நாத்தனார் வீட்டில் காய்ச்சிய நெய் மணல் மணலாக வந்தது.

அங்கே பிடித்துப் போனது சோடா ரொட்டி. ஈஸ்ட் கிடையாது, மோரும் சமையல் சோடாவும்தான் பொங்க வைக்கிறது. அந்த ஊர்க் கோதுமை மிருது, ஈஸ்டுக்கு அவ்வளவாக எழும்பாது. 450 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, 400 மில்லி புளித்த மோர். மாவு பார்த்து மோரைக் கூட்டிக் குறைக்கலாம். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அழுத்திப் பிசையவே கூடாது, சேர்ந்தால் போதும். உருட்டி, மேலே கத்தியால் ஆழமாக ஒரு சிலுவை கீறி, நன்றாகக் காய்ந்த அவனில் 220 டிகிரியில் கால் மணி, பிறகு 200-ல் அரை மணி. அடியில் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் பெட்ரோல் போட்டேன். பச்சைப் பிடி பெட்ரோல், கறுப்புப் பிடி டீசல். மாற்றிப் போட்டால் எஞ்சின் போச்சு. இடது கண்ணாடியில் இருந்த நீளக் கோட்டைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திகில்தான். ஈரத் துணியால் துடைத்தேன். வேலியின் பச்சைதான், போய் விட்டது. ஏழு நாளில் மீட்டரில் ஏறியிருந்தது ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

கோயமுத்தூர் வந்து இரண்டாம் நாள், பாப்பாவை டான்ஸ் கிளாஸுக்கு நான்தான் கொண்டு போய் விட்டேன். எங்கள் சந்தில் எதிரே பால் வேன். ஒதுங்கி வழி விட்டதும், பழக்க தோஷத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கி விட்டேன். வேன்காரப் பையன் பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, “என்னங்கக்கா, நாளைக்கு ஒரு பாக்கெட் போதுங்களா?” என்றான்.